இரு கரைக்கு ஒரு பாலம்: சாம்பா மென்பொருளின் வரலாறு



வரலாறு என்றதும் மலாக்காவும் சோழர் படையெடுப்பும்தான் நம் நினைவுக்கு வரும். நாம் தினமும் தொடும் கணினிக்கும் வரலாறு உண்டு. அதிலும் காரணம் உண்டு, விளைவு உண்டு, தனிமனிதரின் பங்கு உண்டு, வழக்கும் தீர்ப்பும் உண்டு. இந்த மாத வளக்கட்டுரையில் அப்படி ஒரு கதையைப் பார்ப்போம். விண்டோஸ் கணினியும் யூனிக்ஸ் கணினியும் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்த 'சாம்பா' என்ற மென்பொருளின் கதை இது. நம் ஊர் சம்பா நெல்லுக்கும் இதற்கும் உறவில்லை. பெயர் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறோம். அதுவே ஒரு சுவையான கதை.

தெப்ராவில் இருக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. நம் வட்டாரத்தின் பெயரைத் தாங்கிய தெப்ராவ் நீரிணைக்கு இந்தப் பக்கம் ஜொகூர், அந்தப் பக்கம் சிங்கப்பூர். 1923இல் தரைப்பாலத்தில் இரயில் ஓடத் தொடங்கும்வரை இரயில் பெட்டியைக்கூடப் படகில் ஏற்றித்தான் அக்கரை கொண்டுபோனார்கள். தூரம் என்னவோ சுமார் 1 கிலோமீட்டர்தான். தூரம் குறைவு என்பதற்காகப் போக்குவரத்து தானாக வந்துவிடாது. நடுவில் ஒன்றை யாராவது கட்ட வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளின் நிலையும் அதுதான்.

1. ஏன் இரண்டு கரைகள்?

1980களில் கணினி உலகம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம், பெரிய நிறுவனம் ஆகிய இடங்களில் யூனிக்ஸ் இயங்கியது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்காகவே பிறந்த இயங்குதளம் அது. ஆகவே யார் எந்தக் கோப்பைப் படிக்கலாம், யார் திருத்தலாம் என்ற கட்டுப்பாடு அதன் அடித்தளத்திலேயே இருந்தது. அலுவலக மேசைகளிலோ டாஸ் இயங்கிய தனிநபர் கணினிகள். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ஆள். அடுத்தவர் என்ற பேச்சே அதில் இல்லை.

பிறகு கணினிகளைக் கம்பியால் இணைக்கும் காலம் வந்தது. யூனிக்ஸ் பக்கத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையை உருவாக்கியது. தனிநபர் கணினிப் பக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் பேரி ஃபெய்கன்பாம் 1980களின் தொடக்கத்தில் வேறொரு முறையை வகுத்தார். முதலில் தன் பெயரின் முதலெழுத்துகளையே அதற்கு வைத்தார். வெளியே வருவதற்குள் அது எஸ்எம்பி என்று மாறியது. பின்னர் மைக்ரோசாப்ட் அதை எடுத்து வளர்த்தது. 1987இல் லேன் மேனேஜர், 1992இல் பணிக்குழுக்களுக்கான விண்டோஸ், 1993இல் விண்டோஸ் என்டி, 1995இல் விண்டோஸ் 95 என்று ஒவ்வொன்றின் வழியாகவும் எஸ்எம்பி உலகமெங்கும் பரவியது.

'நெறிமுறை' என்ற சொல்லை இங்கே கவனியுங்கள். இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும்போது யார் முதலில் பேசுவது, என்ன வார்த்தையில் கேட்பது, பதில் எந்த வடிவில் வர வேண்டும் என்பதற்கான ஒப்பந்தமே நெறிமுறை. எஸ்எம்பி உரையாடலைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி இருக்கும். "எனக்குத் தெரிந்த வழக்குகள் இவை, உனக்கு எது தெரியும்?" என்று கேட்கும் பயனர் கணினி. சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். "நான் இன்னார், இது என் கடவுச்சொல்." "சரி, உள்ளே வா." "பாடக்குறிப்பு என்ற பகிர்வு வேண்டும்." "இந்தா." "இந்தக் கோப்பைத் திற, படி, மூடு." அவ்வளவுதான். ஒரு கரை என்எஃப்எஸ் பேசியது, மறுகரை எஸ்எம்பி பேசியது. இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. அத்தகைய மென்பொருளை விலைக்கு விற்ற நிறுவனங்களும் இருந்தன. ஆனால் அவை எல்லாக் கணினிக்கும் ஒத்துவரவில்லை.

2. டிசம்பர் 1991, கான்பரா

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். அவர் மேசையில் டாஸ் கணினி. துறையில் சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் கணினிகள். என்எஃப்எஸ் வழியாக அவற்றோடு இணைந்து வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது டிஜிட்டல் நிறுவனத்தின் புதிய மென்பொருள் ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. அதை இயக்க வேண்டுமென்றால் அந்நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் என்ற பிணைய மென்பொருள் வேண்டும். பாத்வொர்க்ஸோ டிஜிட்டல் நிறுவனத்தின் சர்வர்களோடு மட்டுமே பேசும். அதைப் போட்டால் சன் கணினிகளில் இருக்கும் கோப்புகள் கைக்கு எட்டாமல் போய்விடும்.

பலர் இந்த இடத்தில் "நமக்கு வேண்டாம்" என்று விட்டிருப்பார்கள். ட்ரிட்ஜெல் வேறு மாதிரி யோசித்தார். பாத்வொர்க்ஸ் தன் சர்வரோடு என்னதான் பேசுகிறது? ஒட்டுக்கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா? அதுவரை அவர் பிணைய நிரல் ஒன்றுகூட எழுதியதில்லை. சில நாள்களில் கற்றுக்கொண்டு, கம்பியில் ஓடும் செய்திகளைப் பதிவுசெய்யும் சின்ன நிரல் ஒன்றை எழுதினார். பிறகு டாஸ் கணினியில் குட்டிக் குட்டி வேலைகளைச் செய்தார். ஒரு கோப்பைத் திறந்தார், ஒரு கோப்பைப் படித்தார், ஒரு கோப்புறைக்குள் போனார். ஒவ்வொரு முறையும் கம்பியில் என்ன ஓடியது என்று பார்த்தார். எந்தச் செயலுக்கு எந்த எண் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அதே பதில்களைத் தரும் நிரலைச் சன் கணினிக்காக எழுதினார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவருடைய டாஸ் கணினி, சன் கணினியை டிஜிட்டல் சர்வர் என்று நம்பி கோப்புகளைத் திறக்க ஆரம்பித்தது.

அந்த முதல் நிரலில் சில எண்கள் ஏன் வருகின்றன என்று எழுதியவருக்கே தெரியாது. உண்மையான சர்வர் அனுப்புகிறது, அதனால் நானும் அனுப்புகிறேன் என்ற அளவில்தான் இருந்தது. அவற்றின் பொருள் விளங்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 1992 ஜனவரியில் அந்த நிரலை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வெளியிட்டார். பெயர் வெறும் 'சர்வர்', பதிப்பு 0.1.

3. கோப்பிக் கடைப் பாடம்

ட்ரிட்ஜெல் தன் வழிமுறையை விளக்கப் பிற்காலத்தில் பிரெஞ்சு உணவகம் ஒன்றை உவமையாகச் சொல்வார். நாம் நம்ம ஊர்க் கடைக்கே போவோம்.

ஜொகூர் பாருவில் ஒரு சீனர் கோப்பிக் கடை. நீங்கள் ஊருக்குப் புதியவர், யாரும் உங்களுக்கு எதையும் விளக்கப் போவதில்லை. மூலையில் உட்கார்ந்து கவனிக்கிறீர்கள். ஒருவர் "கோப்பி" என்கிறார்; கெட்டிப்பால் கலந்த கோப்பி வருகிறது. அடுத்தவர் "கோப்பி ஓ" என்கிறார். பால் இல்லாமல் கறுப்பாக வருகிறது. இன்னொருவர் "தே ஓ" என்கிறார்; பாலில்லாத தேநீர். இப்போது 'ஓ' என்றால் பால் வேண்டாம் என்பது பிடிபட்டுவிட்டது. நான்காமவர் "கோப்பி ஓ கொசோங்" என்கிறார். குடித்துவிட்டு முகம் சுளிக்கவில்லை, ஆனால் சீனி கலக்கும் கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. 'கொசோங்' என்றால் சீனி இல்லை. ஐந்தாம் முறை நீங்களே போய், இதுவரை யாரும் கேட்காத "தே ஓ கொசோங்" கேட்கிறீர்கள். நினைத்தது வந்தால் உங்கள் ஊகம் சரி. வராவிட்டால் திருத்திக்கொள்கிறீர்கள்.

அறிவியல் பாடத்தில் நாம் சொல்லித்தரும் உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கிறது. நீங்கள் கடைக்காரரின் சமையலறைக்குள் நுழையவில்லை, அவருடைய குறிப்பேட்டைத் திருடவில்லை. வெளியே பேசப்பட்டதை மட்டுமே கேட்டீர்கள். அதேபோல் டிஜிட்டல் அல்லது மைக்ரோசாப்ட் எழுதிய நிரலின் ஒரு வரியையும் நகலெடுக்காமல், கம்பியில் ஓடிய உரையாடலை மட்டும் கொண்டு உருவானது இந்த மென்பொருள். பின்னால் வந்த வழக்குகளைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவும். மாணவர்கள் இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. மறதியும் மறுபிறப்பும்

முதல் மூன்று பதிப்புகளும் ஒரு மாதத்துக்குள் வந்தன. அதன்பின் ட்ரிட்ஜெலின் மேசைக்கு வேறு கருவி வந்தது, இந்த நிரல் அவருக்குத் தேவைப்படவில்லை. யாராவது எடுத்து நடத்துங்கள் என்று அறிவிப்புக்கூடப் போட்டுப் பார்த்தார். ஒருவரும் முன்வரவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் திட்டம் தூங்கியது.

1993ஆம் ஆண்டின் இறுதியில் வீட்டில் மனைவியின் கணினியைத் தன் லினக்ஸ் கணினியோடு இணைக்க வேண்டிய தேவை வந்தது. அப்போதுதான் தன் பழைய நிரல் பாத்வொர்க்ஸோடு மட்டுமல்ல, மைக்ரோசாப்டின் மென்பொருளோடும் பேசும் என்று தெரிந்தது. தான் ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழியின் பெயர் எஸ்எம்பி என்பதும் தெளிவானது. மீண்டும் எழுத உட்கார்ந்தார். இந்த முறை உலகின் பல மூலைகளிலிருந்தும் உதவி வந்தது. அவர்களில் ஜெரமி அலிசன் திட்டத்தின் இன்னொரு தூணாக நிலைத்தார். குனு பொது உரிமத்தின் கீழ் வந்ததால் யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். திருத்தியதை வெளியிடுபவர் மூலநிரலையும் தர வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. நன்றிக்கடனாகப் பணம் அனுப்ப விரும்பியவர்களிடம், பீட்சா வாங்கித் தந்தால் போதும் என்று சொல்லும் அளவுக்கு இயல்பான குழுவாக அது இருந்தது.

இப்போது பெயர்க்கதை. மென்பொருளுக்கு எஸ்எம்பி சர்வர் என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர் எங்களுடைய வணிகப் பெயர், பயன்படுத்தக் கூடாது என்று சின்டாக்ஸ் என்ற நிறுவனத்திடமிருந்து 1994இல் கடிதம் வந்தது. யூனிக்ஸ் கணினிகளில் அகராதிச் சொற்கள் அடங்கிய கோப்பு ஒன்று இருக்கும். எஸ், எம், பி என்ற மூன்று ஆங்கில எழுத்தும் அதே வரிசையில் வரும், எஸ்ஸில் தொடங்கும் சொற்களைத் தேடித் தா என்று ஒரே வரிக் கட்டளை கொடுத்தார். சால்மன்பெர்ரி, சாம்பா, சாடிம்பர், ஸ்க்ராம்பிள் என்று சில சொற்கள் வந்தன. ஒரு பழத்தின் பெயர், ஒரு நடனத்தின் பெயர், மரக்கட்டையின் பெயர், ஒரு வினைச்சொல். பிரேசில் நாட்டு நடனம் வென்றது.

5. மொழிபெயர்ப்பாளர் பட்ட பாடு

இரண்டு மொழி தெரிந்த ஆசிரியர்களுக்குத் தெரியும், சொல்லுக்குச் சொல் மாற்றினால் மொழிபெயர்ப்பு ஆகாது. ஒரு மொழியில் இருக்கும் கருத்தே மறுமொழியில் இல்லாமல் போகும். சாம்பாவுக்கும் இதே சிக்கல்தான். மூன்று எடுத்துக்காட்டுகள் பாருங்கள்.

ஒன்று, பெயரின் நீளம். டாஸ் கோப்புப் பெயருக்கு 8 எழுத்தும் பின்னொட்டுக்கு 3 எழுத்தும்தான் அனுமதி. யூனிக்ஸில் நீளமான பெயர் வைக்கலாம். ஆகவே டாஸ் கணினி கேட்கும்போது நீண்ட பெயரைச் சுருக்கி, நடுவில் ஓர் அலைக்குறி போட்டு, ஒன்றோடொன்று மோதாத பெயராக மாற்றிக் காட்ட வேண்டியிருந்தது.

இரண்டு, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும். தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாக எழுதினாலும் சிறிதாக எழுதினாலும் விண்டோஸுக்கு ஒரே கோப்பு. யூனிக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். இருவரையும் திருப்திப்படுத்த, விண்டோஸ் கேட்ட பெயர் அப்படியே கிடைக்காவிட்டால் சாம்பா கோப்புறை முழுவதும் தேடி, எழுத்து வடிவில் மட்டும் வேறுபடும் பெயர் உண்டா என்று பார்க்கும்.

மூன்று, அனுமதிகள். டாஸ் கோப்புக்கு மறைந்தது, அமைப்புக்குரியது, காப்பகத்துக்குரியது என்ற அடையாளங்கள் உண்டு. யூனிக்ஸில் இவற்றுக்கு இடமே இல்லை. ஆனால் உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூவருக்கும் 'இந்தக் கோப்பை நிரலாக இயக்கலாமா' என்று குறிக்கும் மூன்று இடங்கள் இருந்தன. டாஸ் கோப்புக்கு அவை தேவையில்லை. சும்மா கிடந்த அந்த மூன்று இடங்களில் அந்த மூன்று அடையாளங்களையும் சாம்பா எழுதி வைத்தது. வீட்டில் காலியான பிஸ்கட் டின்னில் பருப்பு போட்டு வைப்போமே, அதே சாமர்த்தியம்தான்.

இதற்கிடையில் மறுகரையும் மாறிக்கொண்டே இருந்தது. 1997இல் விண்டோஸ் என்டியின் மூன்றாவது சேவைத்தொகுப்பு, கடவுச்சொல்லை அப்படியே அனுப்புவதை நிறுத்திவிட்டு மறையாக்கம் செய்து அனுப்பத் தொடங்கியது. பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் சாம்பா சர்வர்களும் அதற்கேற்ப மாற வேண்டியதாயிற்று.

6. நம் மொழிக்கு இதில் என்ன பங்கு?

1990களில் கணினித் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையைப் பின்பற்றின. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் ஆவணம் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பது இன்னும் கடினம். அதனால்தான் நம்மில் பலர் பாடக்குறிப்பைத் தமிழில் தட்டச்சு செய்துவிட்டுக் கோப்பின் பெயரை மட்டும் மலாயிலோ ஆங்கிலத்திலோ வைத்துப் பழகினோம். இந்தச் சிக்கலைப் பேசித் தீர்க்க அறிஞர்கள் கூடிய தமிழ் இணைய மாநாடுகளில் ஒன்று 2001இல் நம் கோலாலம்பூரிலேயே நடந்தது.

யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. விண்டோஸ் 2000இல் தமிழ் யூனிகோடு ஆதரவு வந்தது. பாலத்தின் நடுவில் இருந்த சாம்பாவோ இன்னும் பழைய குறியீட்டுப் பக்கங்களையே நம்பியிருந்தது. 2003 செப்டம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு யூனிகோடுக்கு மாறியது. அதன்பிறகு விண்டோஸிலிருந்து லினக்ஸ் சர்வருக்குப் போன தமிழ்ப் பெயர் தமிழாகவே திரும்பி வந்தது.

ஆனால் ஒரு நுணுக்கம் இன்றும் இருக்கிறது. தமிழாசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்பீர்கள், இலக்கணப்படி அதுதான் சரி. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள். விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள்வரை அனுமதிக்கும். லினக்ஸ் கோப்பு முறையோ 255 பைட்டுகளை மட்டும் அனுமதிக்கும். அங்கே வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். ஆக, 'தமிழ்' 15 பைட்டுகள். கணக்குப் போட்டால் 85 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும்.

'ஆறாம் ஆண்டு தமிழ்மொழி மீள்பார்வைப் பயிற்சிகளும் விடைகளும்' என்று ஒரு பெயர் வைக்கிறோம். இதில் 52 குறியீடுகள், 5 இடைவெளிகள். 52ஐ 3ஆல் பெருக்கி 5ஐக் கூட்டினால் 161 பைட்டுகள். இதோடு பள்ளிப் பெயரும் ஆசிரியர் பெயரும் தேதியும் சேர்ந்தால் 255ஐத் தாண்டிவிட அதிக நேரம் ஆகாது. மடிக்கணினியில் நன்றாகத் திறக்கும் கோப்பு, சர்வரில் போட்டால் பெயர் நீளம் என்று மறுக்கும். கோப்பு கெட்டுப்போனது என்று நினைத்து மீண்டும் தட்டச்சு செய்ய உட்காராதீர்கள். பெயரைச் சுருக்குங்கள், போதும்.

7. பாலம் நீதிமன்றத்துக்குப் போனது

விண்டோஸ் அலுவலகங்களை ஆக்கிரமித்த பிறகு, அதன் சர்வர்களோடு பேசும் மொழி மைக்ரோசாப்டின் கையில் இருந்தது. முழு விவரத்தை அது வெளியிடவில்லை. 1998இல் சன் நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. 2004 மார்ச்சில் ஆணையம் மைக்ரோசாப்டுக்கு 49 கோடியே 70 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. போட்டியாளர்கள் இணைந்து இயங்கத் தேவையான தகவலைத் தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. மைக்ரோசாப்ட் மேல்முறையீடு செய்தது. விசாரணையில் சாம்பா குழுவினரும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் தொழில்நுட்ப விளக்கம் அளித்தனர். 2007 செப்டம்பர் 17 அன்று நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை உறுதிசெய்தது.

அதே ஆண்டு டிசம்பரில், 10,000 யூரோ ஒருமுறைக் கட்டணம் செலுத்தி, நெறிமுறை ஆவணங்களைப் பெறும் உடன்பாடு சாம்பாவுக்காகக் கையெழுத்தானது. மூலையில் உட்கார்ந்து பதினாறு ஆண்டுகள் ஒட்டுக்கேட்டவர்களுக்குக் கடைக்காரரே விலைப்பட்டியலை எடுத்து நீட்டினார். 2008 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் பல ஆயிரம் பக்க ஆவணங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டது. 2011இல் மைக்ரோசாப்டின் பொறியாளரே சாம்பாவுக்கு நிரல் எழுதி அனுப்பினார். 2012 டிசம்பரில் சாம்பா 4 வெளிவந்தது. விண்டோஸ் பயனர் கணக்குகள் அனைத்தையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி சர்வராகவே லினக்ஸ் கணினி இயங்க அது வழிசெய்தது.

இந்த வழக்கில் பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. ஒரு நிறுவனம் தான் எழுதிய நிரலுக்கு உரிமை கொண்டாடலாம்; அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பலர் சேர்ந்து பேசும் மொழிக்கும் அப்படி உரிமை கொண்டாடலாமா? நீங்கள் பத்து ஆண்டுகளாகச் சேர்த்த கேள்வித்தாள்கள் ஒரு சர்வரில் இருக்கின்றன. அந்தச் சர்வரோடு பேசத் தெரிந்தவர் ஒருவரே என்றால், அவர் சொல்வதுதான் விலை. கோப்பு உங்களுடையது, சாவி அவருடையது.

8. எச்சரிக்கை: 2017

வரலாற்றுக் கட்டுரை ஒருபக்கப் புகழ்ச்சியாக இருக்கக் கூடாது. எஸ்எம்பியின் முதல் பதிப்பு இன்றைய இணைய ஆபத்துகளை நினைத்து எழுதப்பட்டதல்ல. விண்டோஸில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சில் வெளியிட்டது. பலர் அதை நிறுவவில்லை. மே 12 அன்று வான்னகிரை என்ற பணயத் தீநிரல் அந்த ஓட்டை வழியாகப் புகுந்து, ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

சாம்பாவும் தப்பவில்லை. அதே மாதம் சாம்பாவிலும் ஒரு கடுமையான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தம் வெளியானது. 2010இலிருந்தே யார் கண்ணிலும் படாமல் இருந்த ஓட்டை அது. மூலநிரல் திறந்திருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. யாராவது தொடர்ந்து படிக்க வேண்டும், நாமும் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும்.

9. இனி நம் கையில்

மலேசிய அரசு 2004இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. பள்ளி அளவில் இதன் பயன் எளிமையானது. ஓரம்கட்டப்பட்ட பழைய கணினி ஒன்று, லினக்ஸ், சாம்பா. இவை இருந்தால் ஆசிரியர் அறைக்கு ஒரு கோப்பு சர்வர் தயார். பயன்படுத்தும் ஆளுக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் இல்லை. கடையில் வாங்கும் பிணையச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளேயும் இதே சாம்பாதான் ஓடுகிறது. அப்படி ஒன்று உங்கள் பள்ளியில் இருந்தால் நான்கு விஷயங்களைச் சரிபாருங்க: எஸ்எம்பி முதல் பதிப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா? மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறதா? கேள்வித்தாள் கோப்புறைக்குத் தனிக் கடவுச்சொல் இருக்கிறதா? இன்னொரு பிரதி வேறிடத்தில் இருக்கிறதா?

இப்போது எல்லாம் மேகத்தில்தானே, இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். 2020இல் டெலிமா தளம் வந்தபிறகு நம் பாடங்கள் பெரும்பாலும் அங்கேதான். வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் கேள்வி மாறவில்லை: என் கோப்பை வேறிடத்துக்கு நானே எடுத்துப்போக முடியுமா? எந்த நிரலாலும் திறக்கக்கூடிய வடிவில் அது இருக்கிறதா? கான்பராவில் ஒரு மாணவர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். அவரிடம் பெரிய முதலீடு இல்லை, பிணைய நிரல் எழுதிய அனுபவம் இல்லை, ஆவணமும் இல்லை. கவனித்துக் கேட்கும் பொறுமை இருந்தது. அதை நம் மாணவர்களுக்கும் கற்றுக்கொடுக்கலாம்.

காலவரிசை

1980களின் தொடக்கம் – ஐபிஎம்மில் எஸ்எம்பி உருவாதல்
1984 – சன் நிறுவனத்தின் என்எஃப்எஸ்
1991 டிசம்பர் – ட்ரிட்ஜெலின் ஒட்டுக்கேட்கும் நிரல்
1992 ஜனவரி – முதல் வெளியீடு
1994 – 'சாம்பா' என்ற பெயர்
2003 – சாம்பா 3, யூனிகோடு ஆதரவு
2004 – ஐரோப்பிய ஆணையத்தின் தீர்மானம்
2007 – நீதிமன்றத் தீர்ப்பும் ஆவண உடன்பாடும்
2012 – சாம்பா 4
2017 – வான்னகிரை தாக்குதல்

பயிற்சி வினாக்கள்

1. நெறிமுறை என்பதை உங்கள் சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. 'நிரலை நகலெடுப்பது வேறு, உரையாடலை உற்றுநோக்குவது வேறு.' கோப்பிக் கடை உவமையைக் கொண்டு நிறுவுக.
3. டாஸ், யூனிக்ஸ் ஆகியவற்றின் கோப்பு வேறுபாடுகளில் இரண்டையும், அவற்றைச் சாம்பா சமாளித்த விதத்தையும் எழுதுக.
4. 'தமிழ்மொழி' என்ற சொல்லுக்கு இலக்கணப்படி எத்தனை எழுத்து? எத்தனை குறியீடு? யூடிஎஃப்-8 முறையில் எத்தனை பைட்டு? (விடை: 5 எழுத்து, 9 குறியீடு, 27 பைட்டு. ஒகர உயிர்மெய்க்குறியை ஒரே குறியீடாகக் கொண்ட கணக்கு இது.)
5. பலர் பேசும் கணினி மொழி ஒரு நிறுவனத்தின் இரகசியமாக இருக்கலாமா? இரு தரப்பு வாதங்களையும் 200 சொற்களில் எழுதுக.